வெட்டுக்காயத்துக்கு ரத்தம் நிறுத்தும் பவுடர் வாங்கலாமா? ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவருக்குப் பதில்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு காபித் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். மழைக்கு முன் நிழல் மரங்களில் கிளை கழிக்கும் வேலை தொடங்கப் போகிறது. ரத்தம் நிறுத்தும் பவுடர் ஒன்றையும், அதே வேலையைச் செய்யும் கட்டுத்துணி ஒன்றையும் இணையத்தில் பார்த்துவிட்டு, இரண்டில் எதை வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கும் அது ஆகுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. பவுடரா துணியா என்று கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது மலைப்பாதைதான் என்று நினைக்கிறேன். அரிவாளோ செயின்சாவோ ஆழமாகப் பட்டுவிட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் வந்து சேரும் வரை ஆள் தாங்க வேண்டுமே, அதற்கு எது உதவும்? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சேலத்தில் கேஷுவாலிட்டியில் பல வருடங்களாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மலையிலிருந்து துண்டைச் சுற்றிக்கொண்டு வரும் கைகளையும் கால்களையும் பிரித்துப் பார்ப்பது, கழுவுவது, கட்டுவது என் வேலை. தைப்பதும் அறுந்த ரத்தக் குழாயை இணைப்பதும் சர்ஜன் பார்க்கிற வேலை. அதில் நான் கருத்து சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்னால் என்ன நடந்திருந்தால் ஆள் நல்ல நிலையில் வருகிறார் என்பதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 4 லிட்டர் ரத்தம் இருக்கும். அரை லிட்டர் போனால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். ஒன்றேகால் லிட்டரைத் தாண்டினால் முகம் வெளுத்து, உடம்பு ஜில்லிட்டு வியர்த்து, பேச்சு குழற ஆரம்பிக்கும். தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் இவ்வளவும் சில நிமிடங்களில் நடந்து முடிந்துவிடும். நாகலூரிலிருந்து சேலம் ஒரு மணி நேரம் ஆகிறதே என்று கவலைப்படுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் பெரிய குழாய் அறுந்த ஆளுக்கு முடிவு பெரும்பாலும் தோட்டத்தில், முதல் ஐந்து நிமிடத்தில் எழுதப்படுகிறது. வண்டி எவ்வளவு வேகமாக இறங்கினாலும் அதை மாற்ற முடியாது.

இதற்கு நேர் எதிராக, தோட்டத்தில் படும் பத்துக் காயத்தில் ஒன்பது தானாகவே நிற்கிற ரகம். இங்கேதான் காபித்தூளுக்குப் பேர் கிடைத்தது. விரலில் கத்தி பட்டால் காபித்தூளை அப்புவது மலையில் பழைய பழக்கம். கீழே சமவெளியில் மஞ்சள்தூள், சுண்ணாம்பு, வெட்டுக்காயப் பூண்டு. காய்ந்த தூள் ஈரத்தை உறிஞ்சிக் காயத்தின் மேல் ஒரு பொருக்கை உண்டாக்குவது நிஜம். ஆனால் அந்த ரகக் காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தினாலும் நின்றிருக்கும், பேசாமல் விட்டிருந்தாலும் கொஞ்ச நேரத்தில் நின்றிருக்கும். பேர் மட்டும் தூளுக்குப் போகிறது. ஆழமான காயத்தில் அதே தூள் ரத்தத்தோடு மிதந்து வெளியே வந்துவிடும், மிச்சம் சதைக்குள் அடைந்துகொள்ளும். அதை ஒவ்வொரு துணுக்காகக் கழுவி எடுப்பதற்குள் நோயாளிக்கும் எங்களுக்கும் உயிர் போய்விடும். மண்ணும் தூளும் உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கவும், தடுப்பூசி போடாதவருக்கு டெட்டனஸ் வரவும் வழி.

நீங்கள் பார்த்த பவுடருக்கும் துணிக்கும் வருகிறேன். கடையில் கிடைக்கும் இந்தப் பொருட்கள் பலவிதமாக இருந்தாலும், வேலை செய்யும் விதத்தை வைத்துப் பார்த்தால் மூன்று வகைதான். முதல் வகை, ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைதல் வேலையைத் தூண்டிவிடுவது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண் இந்த வகை. (சேலத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் இல்லை, அது மேக்னசைட், இது அலுமினியம் கலந்த களிமண்.) கயோலின் பட்டதும் ரத்தத்தில் இருக்கும் 12-ஆம் உறைதல் காரணி விழித்துக்கொள்ளும், அதிலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாக வேலை நடந்து, கடைசியில் ஃபைப்ரின் நூல்கள் வலையாகப் பின்னும். குவிக்கிளாட் என்ற பெயரில் வரும் காஸ் (காயத்துக்கு வைக்கும் மெல்லிய வலைத்துணி) வகைகளில் இருப்பது இதுதான். அமெரிக்க ராணுவத்தின் போர்க்கள மருத்துவக் குழு 2008-ல் தன் வீரர்களுக்கு முதல் தேர்வாகச் சொன்னதும் கயோலின் ஏற்றிய காஸைத்தான்.

இரண்டாவது வகை கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பது. கைட்டோசானுக்கு நேர் மின்னூட்டம், ரத்தச் சிவப்பணுக்களின் மேற்புறத்துக்கு எதிர் மின்னூட்டம்; இரண்டும் ஒட்டிக்கொண்டு பசை மாதிரி ஆகிக் காயத்தின் வாயை அடைக்கும். உடம்பின் உறைதல் வேலையை இது பெரிதாக நம்பி இருப்பதில்லை என்பதுதான் இதன் பலம். இந்த வகையில் செலாக்ஸ் என்ற பொருள் பிரிட்டனில் இருந்து வருகிறது, ஆக்ஸியோஸ்டாட் இந்தியாவிலேயே தயாராகிறது. ஆக்ஸியோஸ்டாட் பஞ்சு போன்ற வில்லையாக இருக்கும். எடுக்கும்போது சலைன் விட்டு நனைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வறட்டுத்தனமாகப் பிய்த்தால் உறைந்ததும் சேர்ந்து பிய்ந்து மறுபடி ரத்தம் வரும்.

மூன்றாவது வகை வெறுமனே தண்ணீரை உறிஞ்சுவது. ரத்தத்தின் நீர்ப்பகுதியை இழுத்துக்கொண்டால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் உறைதல் புரதங்களும் ஒரே இடத்தில் நெருங்கிவிடும், சீக்கிரம் உறையும். இணையத்தில் கிடைக்கும் பவுடர்கள் பலவும் இந்த வகை, பெரும்பாலும் தாவர மாவுச்சத்து. ஆபரேஷன் தியேட்டரில் பயன்படும் அரிஸ்டா என்ற பவுடர்கூட உருளைக்கிழங்கு மாவிலிருந்து செய்ததுதான். மாவு என்றதும் சேலத்துக்காரர்களுக்குச் சேகோ ஆலைதான் ஞாபகம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது வேறு மாவு. நுண்ணிய துளைகள் உள்ள மணிகளாக மாற்றி, கிருமி நீக்கி அடைத்தது. மரவள்ளி மாவைக் காயத்தில் கொட்டினால் காபித்தூள் கதைதான்.

பவுடர் வேண்டாம், துணி வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இந்தப் பொருட்களின் வரலாறே ஒரு காரணம். ராணுவத்துக்கு முதலில் வந்த குவிக்கிளாட் பவுடர்தான்; 2002 வாக்கில் வந்தது. அதில் கயோலின் இல்லை, ஜியோலைட் என்ற கனிமம். ஈரம் பட்டதும் அது பயங்கரமாகச் சூடாகிச் சதையைச் சுட்டுவிட்டது. பிறகு சூடு குறைத்தார்கள், பைக்குள் அடைத்தார்கள், கடைசியில் கயோலினுக்கே மாறிவிட்டார்கள். வூண்ட்ஸ்டாட் என்று இன்னொரு களிமண் பவுடர் வந்தது. விலங்குகளில் சோதித்தபோது அது ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுத்து உள்ளேயே ரத்தக்கட்டி உண்டாக்குவது தெரிந்து, 2009-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குக் கிடைக்கும் மாவுப் பவுடர்களில் இந்த ஆபத்து இருப்பதாக நான் சொல்லவில்லை. அவற்றின் பிரச்சினை சாதாரணமானது: பீய்ச்சி அடிக்கும் ரத்தம் பவுடரைத் தள்ளிவிடும், மலைக்காற்று மிச்சத்தை அள்ளிக் கண்ணில் போடும். விரல் நுனி, சிராய்ப்பு, சவரக் காயம் இவற்றுக்குப் பவுடர் நன்றாகவே வேலை செய்யும். அவற்றுக்காக யாரும் மலை இறங்குவதில்லையே.

துணி வகைகள் எவ்வளவு நம்பகமானவை? கயோலின் காஸும் கைட்டோசான் காஸும் ரத்தத்தை நிறுத்த உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாதாரண காஸை விட எவ்வளவு மேல் என்பதில்தான் சந்தேகம். இதைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மயக்க நிலையில் இருக்கும் பன்றிகளின் தொடைத் தமனியை அறுத்துப் பார்த்தவை. மனிதர்களைப் பற்றிக் கிடைப்பது பெரும்பாலும் போர்க்களத்தில் நடந்ததைப் பின்னால் தொகுத்த குறிப்புகள். இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் மிகவும் குறைவு. பல பன்றி ஆய்வுகளில் மருந்தேற்றிய காஸ் தெளிவாக ஜெயித்திருக்கிறது. 2011-ல் வந்த சில ஆய்வுகளில் சாதாரண காஸை ஒழுங்காகத் திணித்தபோது அதுவும் சமமாக நின்றிருக்கிறது. பாக்கெட்டில் இருப்பதைவிட அதைப் பிடித்திருக்கும் கை முக்கியம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். கேஷுவாலிட்டியில் பார்ப்பதும் அதோடு ஒத்துப்போகிறது.

அந்தக் கை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். காயத்தின் மேல் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். அது உடைந்த குழாயின் மேல் சாக்கைப் போடுவது போல. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, ஒழுகுவது நிற்காது. கை காலில் ஆழமான வெட்டு என்றால், உடையை விலக்கி, வழியும் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்துங்கள். காஸின் நுனியை அந்த விரலுக்கு அடியில் கொடுத்து, ஒரு விரல் அழுத்திக்கொண்டே இருக்க அடுத்த விரலால் துணியை உள்ளே தள்ளித் தள்ளி, குழி நிரம்பி மேலே மேடு தட்டும் வரை அடையுங்கள். அப்புறம் இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பு எடை முழுக்க இறங்குகிற மாதிரி அழுத்துங்கள். மருந்தேற்றிய துணி என்றால் பொதுவாக 3 நிமிடம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். சாதாரண காஸ் என்றால் 10 நிமிடம். வலிக்கும், அலறுவார்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கவே கூடாது. மேலே போட்ட துணி முழுக்க நனைந்து வழிந்தால், அதன் மேலேயே துணியை அடுக்கிக்கொண்டு போவதில் பயன் குறைவு. அழுத்தம் பரவிப் போய்விடும். சரியான இடத்தில் அடைபடவில்லை என்று அர்த்தம். எடுத்துவிட்டு ஒரு தடவை சரியாகத் திணியுங்கள்.

இதற்குப் பிறகுதான் மலைப்பாதை. ஜீப்பிலோ பிக்கப்பிலோ ஆளைப் படுக்க வைத்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அழுத்தும் ஆள் ஒரு பக்கம் சாய்வார், கை நழுவும். தோட்டத்தில் நின்றிருந்த ரத்தம் பாதி வழியில் மறுபடி கிளம்புவது இப்படித்தான். அதனால் நேரம் முடிந்ததும், திணித்த துணிக்கு மேல் ஒரு மடித்த துணி மேட்டை வைத்து, அகலமான க்ரேப் பேண்டேஜால் இறுக்கமாகச் சுற்றிவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். வேகம் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டிருந்தால் எந்த வழியாக வருகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். மழையில் மண் சரிந்து குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டி வந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனை வழியில்தான் இருக்கிறது. அதைத் தாண்டி நேராகச் சேலம் ஓடி வருவதை நான் அதிகம் பார்க்கிறேன். பெரிய காயத்தில் அங்கே நிறுத்தி ஊசி வழியாகத் திரவம் ஏற்றிக் கட்டைச் சரிபார்த்து அனுப்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கை அல்லது கால் பாதி தொங்குகிற மாதிரி வெட்டு, அல்லது ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது, அடைப்பதற்குள் ஆள் மயங்குகிறார் என்றால், துணிக்கு முன்னால் டூர்னிகே, அதாவது கை காலை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை. காயத்துக்கு நான்கு விரல் அளவு மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டையைப் போட்டு, அதில் இருக்கும் குச்சியைத் திருகி, ரத்தம் நிற்கும் வரை இறுக்க வேண்டும். போட்ட நேரத்தை எழுதி வையுங்கள். 2 மணி நேரம் வரை பொதுவாகப் பாதுகாப்பானது. நாகலூரிலிருந்து அதற்குள் வந்துவிடலாம். நடுவில் தளர்த்தித் தளர்த்திப் போடக் கூடாது. நைலான் கயிற்றையோ செருப்பு வாரையோ கட்டி வருபவர்கள் உண்டு. மெல்லிய கயிறு சதையை அறுக்கும். அரைகுறையாக இறுக்கினால் திரும்பிப் போகும் சிரையை அடைத்து, உள்ளே வரும் தமனியை விட்டுவிடும். அப்போது ரத்தப்போக்கு அதிகமாகத்தான் ஆகும். இணையத்தில் மலிவாக வரும் போலி டூர்னிகேக்களில் திருகும் குச்சி ஒடிந்துவிடுகிறது என்பதும் உண்மை. வாங்கியதும் உங்கள் தொடையிலேயே ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்தடி போன்ற இடங்களில் டூர்னிகே போட வழியில்லை. மருந்தேற்றிய காஸுக்கு உண்மையான வேலை அங்கேதான்.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் எதையும் திணிக்காதீர்கள். கண்ணில் வேண்டாம். மண்டை ஓடு உடைந்திருப்பது போல் இருந்தால் மெதுவாக மூடினால் போதும். மரச்சிம்போ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காமல் சுற்றிலும் அணைத்துக் கட்டுங்கள். தோட்டம் என்பதால் இன்னொன்று: விரியன் கடித்து ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வந்தால், அது உடம்பு முழுக்க உறையும் சக்தி போய்விட்டதால் வருவது. அதற்கு எந்தத் துணியும் உதவாது. கடிவாயைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ செய்யாமல் விஷமுறிவு மருந்துக்கு வாருங்கள்.

ரத்தம் நிறுத்தும் மாத்திரை இருக்கிறதாமே என்றும் சிலர் கேட்பார்கள். ட்ரானெக்ஸாமிக் அமிலத்தைச் சொல்கிறார்கள். 2010-ல் வெளியான கிராஷ்-2 என்ற பெரிய ஆய்வில், 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் பார்த்ததில், ஊசியாகச் சீக்கிரம் கொடுத்தால் இறப்பு குறைந்தது. 3 மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் பலன் இல்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம். அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, எத்தனை மணிக்குக் காயம் பட்டது என்பதைச் சரியாகச் சொல்வது.

எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் வாங்குவேன். சுத்தம் செய்து அடைத்த சாதாரண காஸ் ரோல்கள் நிறைய, அகலமான க்ரேப் பேண்டேஜ் சில, கையுறை, நல்ல டூர்னிகே ஒன்று. இவ்வளவும் வாங்கிய பிறகு பணம் மிச்சம் இருந்தால், கயோலினோ கைட்டோசானோ ஏற்றிய காஸ் இரண்டு பாக்கெட். இவற்றைப் பங்களா அலமாரியில் பூட்டி வைக்காமல் வேலை நடக்கும் இடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். காலாவதித் தேதியை வருடம் ஒரு தடவை பாருங்கள். ஏற்காட்டு ஈரத்தில் உறை பிரிந்துவிட்டதா என்றும் பாருங்கள். பழைய மெத்தை ஸ்பாஞ்சில் ஆழமாக ஒரு பிளவு வெட்டி, மேஸ்திரியையும் இன்னொருவரையும் சாதாரண காஸால் திணித்துப் பழகச் சொல்லுங்கள். தோட்டத்தில் உங்களைவிட அவர்கள்தான் காயத்துக்குப் பக்கத்தில் இருப்பார்கள். மருந்தேற்றிய துணியைப் பயன்படுத்தினால் காலிப் பாக்கெட்டை நோயாளியோடு அனுப்புங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை துண்டு என்று தெரிந்தால்தான் நாங்கள் முழுவதையும் எடுப்போம். எக்ஸ்ரேயில் தெரிகிற இழை எல்லாப் பொருளிலும் இருப்பதில்லை. ரத்தம் நின்றாலும் டெட்டனஸ் ஊசியை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக அப்பா. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் கொடுப்பார்கள். இவை தட்டணுக்களை மந்தமாக்குபவை. அதனால் சவரக் காயம்கூட நேரம் எடுத்துத்தான் நிற்கும். நீங்கள் 5 நிமிடம் அழுத்துகிற இடத்தில் அவருக்கு 10, 15 நிமிடம் அழுத்துங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டுமென்றால் கைட்டோசான் பக்கம் சாய்வேன், அது உறைதல் வேலையை அதிகம் நம்புவதில்லை என்பதால். இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். ரத்தம் உறைவதையே தடுக்கும் அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நிலைமை வேறு. கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே ரத்தமே வராவிட்டாலும், உடனே காட்ட வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்க வைக்காமல், முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் 10 நிமிடம் விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் நிற்காவிட்டால் கிளம்புங்கள். ரத்தம் வருகிறதே என்று பயந்து அவரது மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், அந்த ஆபத்து மூக்கில் வரும் ரத்தத்தைவிடப் பெரியது. இதய டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.